இலை போடாத சாறு

அந்த வெள்ளிக்கிழமை சங்கமித்ரா இலை போடாத சாற்றை வடிக்க உட்கார்ந்ததற்குக் காரணம் ராஜேந்திரனுடைய கால். நான்கு மாதமாக அவள் செய்யாமல் விட்டிருந்த வேலை அது. அன்றைக்கும் விட்டிருந்தால் சனிக்கிழமை காலையில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு, மதியத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்து, காலை நீட்டிப் படுத்திருக்கலாம். அந்த வருஷத்தில் அவளுக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஹெப்பகோடியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு கம்பெனி. புண்ணுக்குப் போடுகிற பச்சைக் களிம்பு ஒன்றைத்தான் அங்கே தயாரிக்கிறார்கள். வேப்பிலை, குப்பைமேனி, வெட்டுக்காயப் பூண்டு மூன்றையும் நிழலில் காயவைத்துப் பொடித்து, மூன்று நாள் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டுவார்கள். அதை ஸ்பிரிட்டை ஆவியாக்கி எடுக்கிற மெஷினில் ஏற்றி இறக்கினால் அடியில் கறுப்பாகக் கொஞ்சம் சாறு மிஞ்சும். அந்தச் சாற்றை உருக்கிய தேன்மெழுகிலும் எண்ணெயிலும் கலந்து ஆறவைத்தால் களிம்பு. பதினாலு பேர் வேலை செய்கிற இடம். கெமிஸ்ட் ஒரே ஆள், அது சங்கமித்ரா. கெமிஸ்ட் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சோதனை செய்வதும் அவள்தான், சோதித்த பாத்திரத்தைக் கழுவுவதும் அவள்தான், ஆள் வராத நாளில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுவதும் அவள்தான். வயது நாற்பத்தாறு. மர்ஃபி டவுனிலிருந்து கிளம்பி, மெட்ரோவில் இரண்டு இடத்தில் மாறி, ஹெப்பகோடியில் இறங்கும்போதே பாதி நாள் உழைத்த களைப்பு வந்துவிடும்.

ராஜேந்திரன் களிம்பை ட்யூபில் நிரப்புகிற மெஷின்காரர். ஐம்பத்தெட்டு வயது, தர்மபுரிப் பக்கம், பதினோரு வருஷமாக அதே மெஷின். அலுமினிய ட்யூபின் வாலை மடித்து அழுத்தும்போது தெறித்து விழுந்த ஒரு தகட்டுத் துண்டு, ஒன்றரை மாதத்துக்கு முன் அவருடைய இடது கால் விரலிடுக்கில் ஏறிவிட்டது. ஷூ போட வேண்டிய இடத்தில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நிற்கிற மனிதர். சர்க்கரை வியாதியும் உண்டு. ஆஸ்பத்திரி என்றால் மட்டும் ஆகாது. அவருடைய அண்ணனுக்கும் இதே சர்க்கரைதான், இதே மாதிரி ஒரு புண்தான். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவரை முட்டிக்குக் கீழே காலில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து ராஜேந்திரன் மாத்திரை வாங்கக்கூட மகளைத்தான் அனுப்புவார்.

மெஷினை ஓட்டத் தொடங்கும்போது முதலில் வருகிற இருபது முப்பது ட்யூபுக்குள் காற்று புகுந்திருக்கும். விற்க முடியாது. காத்து ட்யூப் என்று பேர். அதை ஆளுக்கு இரண்டாக வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கே வழக்கம். ஹெப்பகோடியில் அந்தத் தெருவில் சுண்டுவிரல் வெட்டுக்காயத்திலிருந்து தோசைக்கல் சூடு வரைக்கும் எல்லாவற்றுக்கும் காத்து ட்யூப்தான். ராஜேந்திரனும் அதைத்தான் போட்டுக்கொண்டார். அதற்கு முன்னால் ஒரு முறை சங்கமித்ராவிடம் வந்து கேட்டார்.

"மேடம், இது என் காலுக்குக் கேக்குமா? பாத்துச் சொல்லுங்க."

அவள் அன்றைக்கு வேலைக்கு நடுவே இருந்தாள். கையிலிருந்த கண்ணாடித் தட்டை அவரிடமே நீட்டிக் காட்டினாள். சீழ் வைக்கிற கிருமியைத் தட்டு முழுக்க வளர்த்து, நடுவில் குழி தோண்டிச் சாற்றை ஊற்றி வைப்பார்கள். மறுநாள் குழியைச் சுற்றி எவ்வளவு தூரம் கிருமி செத்திருக்கிறதோ அவ்வளவு தூரம் தெளிவாக ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தை ராஜேந்திரன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவருக்கு வேறு வைத்தியமே வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அவருடைய மகள் ரூபினி போன் செய்தாள். வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் ரிசப்ஷனில் இருக்கிற பெண்.

"ஆன்ட்டி, அப்பா நான் சொன்னா கேக்கல. கேட்டா, மேடம் தட்டுல காமிச்சாங்கன்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆஸ்பத்திரிக்கு வருவாரு."

அப்போது சங்கமித்ரா மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார இடமில்லை. அக்குளில் டிபன் பை, தோளில் யாரோ ஒருவரின் முழங்கை. "போட்டுட்டு இருக்கட்டும்மா, ஈரம் படாம பாத்துக்கச் சொல்லு, ஒரு வாரம் பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு வாரம் இரண்டு வாரமானது. அவள் பார்க்கவே இல்லை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அவளுக்கு மறந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் ராஜேந்திரன் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தபோதுதான் அவள் கண்ணில் பட்டது. விரல் இரண்டு வீங்கிக் கறுத்திருந்தன. புறங்கால் சிவந்து மினுமினுத்தது. அந்த அழுகல் வாடையை அவள் மூக்கு சட்டென்று அடையாளம் கண்டுகொண்டது.

"என்னண்ணா இப்படி இருக்குது?"

"அது கெட்டதை வெளிய தள்ளுது மேடம். நல்லதுதான்" என்றார் ராஜேந்திரன். "வலி சுத்தமா இல்ல பாருங்க."

சர்க்கரைக்காரர் வலி இல்லை என்றது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே துணியைச் சுற்றினார். மருந்து வேலை செய்யும்போது எதற்கு ஆஸ்பத்திரி, நீங்களே பார்த்துச் சொன்ன மருந்துதானே என்றார். மருந்து வேலை செய்தால் கால் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வியோடு தன் அறைக்குப் போனாள்.

இப்போது அந்த இலை போடாத சாற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சோதனைத் தட்டிலும் நான்கு குழி. மூன்றில் மருந்துச் சாறு, நான்காவதில் இலை போடாத சாறு. அதாவது இலை எதுவும் ஊறாத வெறும் ஸ்பிரிட்டை அதே மெஷினில் ஏற்றி இறக்கி, கடைசியில் மிஞ்சுகிற ஈரத்தை எடுத்து ஊற்ற வேண்டும். மெஷின் ஒழுங்காக ஓடினால் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அதைச் சுற்றி வளையம் வரக் கூடாது. வந்தால் மெஷின் ஸ்பிரிட்டை முழுக்க எடுக்கவில்லை, கிருமியைக் கொன்றது இலையில்லை என்று அர்த்தம். இந்த ஒரு குழிக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும். ஆறு வருஷம் அவள் நின்றாள். ஆறு வருஷமும் நான்காவது குழியில் ஒன்றுமே வரவில்லை. ஆர்டர் கூடி, ஒரு நாளைக்கு இரண்டு பேட்ச் ஓடத் தொடங்கியதும், ஒன்றுமே வராத குழிக்கு எதற்கு ஒரு மணி நேரம் என்று விட்டுவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவளாக எடுத்த முடிவு. அன்றைக்குச் சீக்கிரமாகப் போய் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஸ்பிரிட் எடுக்கிற அந்த மெஷினின் பம்பு பழுதானது. ரிப்பேர் செய்து மாட்டினார்கள், பழைய மாதிரி இழுக்கவில்லை. அதே சமயத்தில் இலை கொண்டுவருகிற ஆளும் மாறினான். புது ஆள் தந்த இலை கறுத்து, மக்கின வாசனையோடு இருந்தது. அவள் முகம் சுளித்தாள், ஆனால் தட்டில் வளையம் அழகாக வந்தது. வளையம் வந்தபின் பேச என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு பேட்சுக்கும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டில் நான்கு குழியையும் நிரப்பினாள். முதல் குழியில் இப்போதைய சாறு. இரண்டாவதில் அதே சாறு, ஆனால் ஸ்பிரிட் வாசனை துளியும் இல்லாதபடி வெந்நீர்ச் சட்டியில் வைத்து வற்றவைத்தது. மூன்றாவதில் ஃபிரிட்ஜில் மாதிரிக்கு எடுத்துவைத்த போன வருஷத்துச் சாறு. நான்காவதில் இலை போடாதது. தட்டைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அதைத் திறந்தபோது அவளுக்கு நின்றபடியே தூக்கம் வந்துகொண்டிருந்தது. தட்டைப் பார்த்ததும் கலைந்தது. போன வருஷத்துச் சாற்றைச் சுற்றி நல்ல வளையம். இப்போதைய சாற்றைச் சுற்றியும் வளையம். இலை போடாததைச் சுற்றி அதே அளவு வளையம், அளந்து பார்த்தாலும் ஒரு நூல் வித்தியாசமில்லை. வற்றவைத்த சாறு இருந்த குழியில் விளிம்பு வரைக்கும் கிருமி வளர்ந்து கிடந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெழுகைச் சூடாக உருக்கிக் கலக்கும்போது ட்யூபுக்குள் போகுமுன்னே அந்த ஸ்பிரிட்டும் பறந்துவிடும். மூன்று மாதமாகப் பச்சை நிற மெழுகை நிரப்பி அனுப்பியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. ராஜேந்திரனின் விரலிடுக்கில் இருந்ததும் அதுதான். அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தைவிட அலுப்புதான் அதிகமாக வந்தது. இத்தனை அலைந்து, இத்தனை கழுவி, இத்தனை எழுதி, கடைசியில் இது.

முதலாளி ஸ்ரீஹர்ஷாவுக்குப் போன் செய்து தட்டில் கண்டதைச் சொன்னாள். நல்ல மனிதர், கெட்ட வேளையில் எப்போதும் வேறு ஊரில் இருப்பார்.

"மேடம், அந்த ப்ளாங்க்கு, இலை போடாதது, எதுக்கு இவத்து போட்டீங்க, இன்னைக்குப் போய்?" என்று கன்னடம் கலந்து கேட்டார். சொல்லும்போதே அது தப்பான கேள்வி என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், உடனே பேச்சை மாற்றினார். "லாரி ரெண்டு மணிக்கு வருது. ஸ்வல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுங்க. இது ஒண்ணு போகட்டும், அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்."

"போகாது சார். நான் சைன் பண்ண மாட்டேன். ஆடி மாசத்துக்கப்புறம் போனதெல்லாமும் திரும்பி வரணும்."

"அதுக்கெல்லாம் சைன் பண்ணதும் நீங்கதானே மேடம்."

"ஆமா சார். நான்தான்."

அவர் பெருமூச்சு விட்டார். திங்கட்கிழமை நேரில் பேசலாம், லாரியை நிறுத்தச் சொல்கிறேன் என்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு தனக்கு அங்கே வேலை இருக்குமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள், அதற்குமேல் அதில் மனதை விடத் தெம்பில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனாள். ராஜேந்திரன் டப்பாவிலிருந்து காலி ட்யூபுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தச் சொன்னாள். சத்தம் அடங்கியதும் நேராகவே சொன்னாள்.

"அண்ணா, இந்த மருந்துல ஒண்ணும் இல்ல. மூணு மாசமா இல்ல. நான் சரியா பாக்காம உங்களுக்குச் சொல்லிட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் குழி குழியாகக் காட்டி விளக்கினாள். இது இலை போட்டது, இது இலையே போடாதது, ரெண்டும் ஒண்ணுதான் பாருங்க என்றாள். அவர் தட்டை வாங்கி அன்றைக்கு மாதிரியே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"ட்யூப்ல எறங்கும்போதே தெரிஞ்சிது மேடம்" என்றார் கடைசியில். "முந்தியெல்லாம் இந்த இடமே குப்பைமேனி நாத்தம் நாறும். வூட்டுக்குப் போனா சட்டையில நாறும். மழையிலேருந்து அது இல்ல. மெழுகு வாசனைதான் வந்துகினு இருந்திச்சு. இன்னாடா இதுன்னு நெனச்சேன்."

"அப்ப ஏண்ணா சொல்லல?"

"நீங்க படிச்சவங்க, தட்டுல பாத்துட்டீங்க. என் மூக்கு பெருசா, தட்டு பெருசா?"

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை அவர். உண்மையாகவே கேட்டார். பதினோரு வருஷ மூக்கு சரியாகச் சொன்னதை, சங்கமித்ரா காட்டிய ஒரு தட்டு அமுக்கிவிட்டது. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் யாரையும் எதையும் கேட்கிற நிலையில் இல்லாமல்தான் வருஷம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

"கெளம்புங்கண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன்."

"கால எடுத்துடுவாங்க மேடம்."

"போகலேன்னா தானாவே போயிடும். இப்ப போனா எவ்ளோ நிக்குமோ அவ்ளோ நிக்கும். எனக்கு அவ்ளோதான் தெரியும். இனிமே எனக்குத் தெரியாததை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். மற்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். யாரோ பாக்கெட்டிலிருந்த காத்து ட்யூபை எடுத்துப் பார்த்துவிட்டு மெல்ல மேஜைமேல் வைத்தார்கள். ராஜேந்திரன் எழுந்து, மெஷினின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே ஆட்டோவரைக்கும் வந்தார்.

ஆஸ்பத்திரியில் வரிசை, சீட்டு, ரத்தம், எக்ஸ்ரே என்று நான்கு மணி நேரம் போயிற்று. ரூபினி வைட்ஃபீல்டிலிருந்து டிராஃபிக்கில் மாட்டி, மூன்று மணிக்கு ஆபீஸ் சேலையோடு ஓடி வந்தாள். அவளிடமும் சங்கமித்ரா எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் போன் பண்ணன்னைக்காவது சொல்லியிருக்கலாம் ஆன்ட்டி" என்றாள். சங்கமித்ராவைத் தாண்டிப் போய் அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

காலைப் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர், அவரும் இரண்டு நாள் தூங்காத முகத்தோடு இருந்தார். இத்தனை நாள் என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

"களிம்பு சார். நானா போட்டுக்கினேன்" என்றார் ராஜேந்திரன் வேகமாக. "யாரும் சொல்லல."

"நான் சொன்னேன் டாக்டர்" என்றாள் சங்கமித்ரா. டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார், எழுதிக்கொண்டார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஐந்து மணி வாக்கில் ஆபரேஷனுக்கு முன்னால் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது டாக்டரின் அறைக்கு மகளைக் கூப்பிட்டார்கள். ரூபினி எழுந்தாள், எழுந்தவள் அப்படியே நின்றாள். ராஜேந்திரன் மகளின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ போவாதம்மா. நீ போனா அழுதுட்டு வந்து, ஒண்ணும் இல்லப்பான்னு சொல்லுவ. உங்க பெரிம்மா அண்ணனுக்கு அப்படித்தான் சொல்லிச்சு. கண்ணு முழிச்சுப் பாத்தா கால் இல்ல." பிறகு கட்டிலின் கால்மாட்டில் தள்ளி நின்ற சங்கமித்ராவைப் பார்த்தார். "மேடம், நீங்க போயி கேட்டுட்டு வாங்க. எவ்ளோ எடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"நானாண்ணா?"

"இன்னைக்குத் தப்பு பண்ணேன்னு மொகத்துக்கு நேரா வந்து சொன்னீங்கல்ல. இதையும் நீங்களே சொல்லுங்க."

ரூபினி தடுக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை. சங்கமித்ரா போனாள். அந்த வராந்தா அவ்வளவு நீளமானதில்லை, ஆனால் அன்றைக்கு அவள் ஏறி இறங்கிய எல்லாப் படிகளும் முட்டியில் சேர்ந்து வலித்தன. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். அவள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். சீழ் எலும்புவரை போய்விட்டது, பாதத்துக்கு இன்னும் ஏறவில்லை, ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் எதையும் எடுக்க வேண்டியிருந்திருக்காது என்று சேர்த்துச் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வந்து கட்டிலோரமாக நின்றாள். ராஜேந்திரன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு விரல் அண்ணா. பாதம் நிக்கும். ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா அந்த மூணும் இருந்திருக்குமாம். அதையும் சொன்னாரு."

ரூபினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராஜேந்திரன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு, யாரோ கேட்ட கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப ரெண்டு இருக்கும்."

"இருக்கும்ணா."

"கட்ட விரலு?"

"அது இருக்கும். நல்லா கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"சரி" என்றார் ராஜேந்திரன். "நீங்க கேட்டீங்கன்னா சரியாத்தான் இருக்கும்." கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும்விட்டார்.

சங்கமித்ராவால் நிற்க முடியவில்லை. உட்காரவும் அங்கே இடமில்லை. ரூபினி அவளைப் பார்க்காமலே ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து பாதி இடம் விட்டாள். அவள் அதில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்தபடி, சத்தம் வராமல், வெகுநேரம் அழுதாள்.